கவ்வாத்துச் சாமிக்குச் சப்பாத்து போட்ட கதை

போன மாதம் பழைய அச்சகத்துப் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேகாலைச் சந்தைக்குப் போனால் கால் தானாக அந்தப் படியில் ஏறிவிடுகிறது. என் மேசையில் இப்போது நிரோஷா இருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. கம்பியூட்டரே எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டுவிடுவதால் அவளுக்கு ர, ற என்ற கவலை கிடையாது. அன்றைக்கு ஒரு மாயக் கதை நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"அக்கா, இந்த ஃபேன்டசியெல்லாம் எதுக்கக்கா நம்ம மூணு தரம் வாசிக்கணும்? ராட்சசன், பேய், பறக்குற மாடு. எல்லாம் பொய்தானே? பொய்யில என்னத்த பிழை திருத்துறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை இதே மேசையில் நானும் கேட்டவள்தான். பதில் சொல்ல உட்கார்ந்தால் கடைசி பஸ்ஸும் போய்விடும் என்பதால், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதுகிறேன், நிரோஷா. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசி.

நான் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இறப்பர் பால் வெட்டுகிறவர். உயர்தரம் முடித்ததும் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் கலியாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், இவற்றோடே ஓடிவிட்டன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகுதான் பரமசிவம் சேர் பதிப்பாசிரியராக வந்தார். கேகாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிக்கிற மாயக் கதைகளில் எல்லாம் பனி மூடிய கோட்டையும் குதிரை ஏறிய இளவரசனுமாக இருக்கிறதே, நம்முடைய முனியும் மாடனும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டு, இளைஞர்களுக்கான மாய நாவல் வரிசை ஒன்றைத் தொடங்கினார். முதலாளி தலையைச் சொறிந்துவிட்டு, நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சேருடைய பழக்கங்களைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். எழுத்தாளர் கொடுத்த தாளில் ஒரு கோடு கூடப் போடமாட்டார். போன் எடுத்துக் கேள்வி கேட்பார். "தம்பி, உங்க பேய் இப்ப எங்க நிக்குது? சரி, காலுக்குக் கீழ என்ன இருக்கு? பேய்க்குக் கால் இல்லியா? அப்ப அது நிக்கிறதா எழுதாதீங்க." இப்படியே அரை மணி நேரம் போகும். கதை தேறாது என்று தெரிந்துவிட்டால், எழுத்தாளரை நேரில் வரச்சொல்லி, மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை நீட்டுவார். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு யாரும் சண்டை பிடிக்க முடியாதாம். அவர் லாச்சியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே நான் பக்கத்து மேசையில் குனிந்துகொள்வேன்.

ஒவ்வொரு நாவலையும் மூன்று தரம் வாசிக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். முதல் வாசிப்பு எழுத்துக்கு. வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, கதையைக் கவனிக்காமல், எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு அவர் வைத்த பெயர் மாச வாசிப்பு. அதில் எழுத்தைப் பார்க்கக் கூடாது. மழை எப்போது வருகிறது, எந்த மரம் பூத்திருக்கிறது, ஆட்கள் அந்த நேரம் என்ன வேலை செய்கிறார்கள், சாமிக்கு என்ன படைக்கிறார்கள் என்பதை மட்டும் தொடர்ந்துகொண்டு போக வேண்டும். மூன்றாவது சத்த வாசிப்பு. ஒருவர் மூலத்தை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளைப் பார்ப்பார். புள்ளி, கமா எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். "ஐயோ ஆச்சரியக்குறி என்னை விட்டுவிடு ஆச்சரியக்குறி என்று அலறினாள் முற்றுப்புள்ளி" என்று நான் கத்துவதை, முன்பக்கம் கலியாணக் கார்டு தெரிவுசெய்ய வந்த சம்பந்திகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ கேட்ட கேள்வியை நான் கேட்டபோது சேர் சொன்னார். "உண்மைக் கதையில ஒரு மாசம் பிசகுனா மறதின்னு விட்டுருவாங்க. மாயக் கதையில பிசகுனா, பாத்தியா புளுகுறான்னு மூடி வச்சிருவாங்க. பறக்குற மாடு எந்த மாசமும் பறக்கட்டும். ஆனா கீழ நிக்கிற மரம் அந்த மாசத்து மரமா இருக்கணும்."

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது ஒரு வங்கி உத்தியோகத்தரின் நாவலில்தான். எரிந்துபோன தேவன் ஒருவன் உயிரோடு எழும்புகிற கதை. அதில் ஐப்பசியில் இலையுதிர் காலம் வருகிறது, காடே பொன்னிறமாகிறது. சேர் போனை எடுத்தார். "ஐப்பசி மழையில கேகாலையில உதிர்ற ஒரே சாமான் குடைக் கம்பிதாங்க. நீங்க எந்த ஊர் மரத்தப் பாத்தீங்க?" அந்த உத்தியோகத்தர் எந்த மரத்தையும் பார்க்கவில்லை, படத்தில் பார்த்தது என்று ஒப்புக்கொண்டார். சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் இறப்பர் மரம் தை மாசியில் இலை கொட்டும். அந்த நேரம்தான் காமன் கூத்துக்குக் கம்பம் நடுவார்கள். காமனை எரிக்கும்போது மலையில் ஒரு மரத்திலும் இலை இருக்காது. காமன் உயிர்த்து எழும்பிய கையோடு செம்பு நிறத்தில் தளிர் வந்துவிடும். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் காமன் எழும்பியதால்தான் மரம் தளிர்க்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். இதை நான் போனிலேயே சொல்ல, மறுபக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு நாவலைத் திரும்ப எழுதினார். கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார். அரண்மனை, அரசி, போர்க்களம் எல்லாவற்றிலும் இறப்பர் பால் வாடை. பாதியை வெட்ட நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தவமணி என்ற பிள்ளை ஒரு நாவல் அனுப்பியிருந்தாள். பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அங்கே பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன கதையைப் போனிலேயே தட்டி, துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். முற்றுப்புள்ளி என்ற சாமானே அதில் கிடையாது. ஆனால் வாசிக்கத் தொடங்கினால் கீழே வைக்க முடியவில்லை.

கதை கவ்வாத்துச் சாமியைப் பற்றியது. தேயிலைச் செடி சில வருடம் வளர்ந்ததும் மேலே உள்ளதைக் கத்தியால் வெட்டி அரைச் செடியாக்குவார்களே, அதற்குத் தோட்டத்தில் கவ்வாத்து என்று பெயர். வெட்டத் தொடங்குகிற அன்றைக்கு மலையில் ஒரு கல்லை நட்டு, கத்திகளை அதன் முன்னால் வைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். அந்தச் சாமிதான் கவ்வாத்துச் சாமி. தவமணியின் கதையில் சாமி கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. வெட்ட ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகி, கொப்போடு கொப்பு பின்னி, வெயிலே இறங்காமல் போகிறது. ஆட்கள் தங்கள் லயத்து வீட்டுக்கே வழி தெரியாமல் தேயிலைக்குள் தொலைந்துபோகிறார்கள். ஒரு சின்னப் பெண் சாமியைத் தேடிப் புறப்படுகிறாள். மாச வாசிப்பில் நான் ஒரு இடத்தில் கூட நிற்கவில்லை. மழை பிடித்து மண் ஈரமான பிறகுதான் கத்தி எடுக்கிறார்கள். எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. சேர் போன் எடுத்துக் கேட்பதற்குக் கேள்வியே கிடைக்காமல், "உங்க சாமி சாப்பிட்டாரா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அட்டைப்பட விஷயம் சேருடைய கையில். சமிந்த என்ற ஓவியரிடம் கொடுத்தார். கேகாலைப் பையன், சிங்களம் பேசுகிறவன், தமிழ் ஓரளவு புரியும், கை மட்டும் தங்கம். சேர் அவனுக்குப் போனில் கதையைச் சுருக்கிச் சொன்னார். கொஞ்ச நாளில் படம் வந்தது. சேர் அதைப் பார்த்துச் சொக்கிப்போய், என்னிடம் கூடக் காட்டாமல், விரைவில் வெளிவருகிறது என்று அச்சகத்தின் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்.

நான் அடுத்த நாள் காலையில் பார்த்தேன். மலை உச்சியில் ஒரு மாபெரும் உருவம். முறுக்கிய மீசை. இடுப்பில் வார். முழங்கால் வரை பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. தோளில் துப்பாக்கி. பின்னால் வரிசை வரிசையாக ஆட்கள், எல்லோரும் ஒரே காலைத் தூக்கி நடக்கிறார்கள்.

"சேர், இது யாரு?"

"என்னம்மா கேள்வி? கவாத்துச் சாமி."

எனக்கு விளங்கிவிட்டது. கதிரையில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். தோட்டத்தில் கவ்வாத்து. சேர் கடைத்தெருவில் வளர்ந்தவர், அவருடைய வாயில் அது கவாத்து. ஒரு ஒற்று விழுந்துவிட்டது. பொலிசும் ஆமியும் இடது வலது போடுவதற்கும் கவாத்து என்றுதானே பெயர். சிங்களத்தில் அந்தப் பயிற்சிக்கு மட்டும்தான் அந்தச் சொல். தேயிலை வெட்டுவதை அவர்கள் கப்பாது என்பார்கள். சமிந்தவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கப்பாது! ஐயோ, கப்பாது தெய்யோ, கப்பாது சாமி! சேர் கவாத்துன்னுதானே சொன்னாரு! எங்க பாஷைல கவாத்து சொன்னா ஆமி பெரேட், மிஸ். நான் நினைச்சேன், தமிழ் ஆளுக்கு பெரேட் சாமியும் இருக்குன்னு."

சேர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் எந்த மாசம், எந்த மரம் என்று கேட்டவர். பேஸ்புக்கில் போட்டதை எப்படி எடுப்பது என்று கூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்தேன். சிரிப்போடு முடிந்த கதை என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்த வாரமே தவமணி நேரில் வந்து நின்றாள். அத்தனை தூரம், இரண்டு பஸ் மாறி. அழுதிருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"சேர், புத்தகம் போட வேணாம். மன்னிச்சிருங்க."

பக்கத்து வீட்டுப் போனில் படத்தை அவளுடைய அப்பா ஆறுமுகம் பார்த்துவிட்டார். அவர் அந்தத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். சாமியின் கல்லுக்கு முன்னால் முதல் கத்தி வைப்பவரும் அவர்தான்.

"அப்பா ஒண்ணும் ஏசல மிஸ். ஏசியிருந்தா கூடப் பரவால்ல. இந்தப் புத்தகம் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு மட்டும் சொன்னாரு. ஆமி செக்கிங் காலத்துல பொம்மத் துப்பாக்கியக் கூட வீட்டுல வச்சிருக்கப் பயந்து கான் தண்ணியில வீசுனவங்க மிஸ் நாங்க. இப்ப சாமி கையிலயே குடுத்துட்டியான்னு கேட்டாரு. நான் எழுதுனது அப்பாவோட வேலையத்தான். அவரு வீட்டுக்குள்ள எடுக்காத புத்தகம் எனக்கு எதுக்கு?"

அன்றைக்கு அப்படிச் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. படத்தை மாற்றிவிடலாம் என்று சொன்னோம். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். படம் மாறினாலும் அப்பாவின் மனது மாறாது, தோட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது என்றாள். சேர் பழக்க தோஷத்தில் லாச்சியைத் திறந்து கருப்பட்டியை நீட்டினார். அதன் அர்த்தம் எழுத்தாளர்கள் மத்தியில் பரவியிருந்தது போலும். அவளுக்கு இன்னும் அழுகை வந்துவிட்டது. சேர் பதறிப்போய், அது இல்லம்மா, இது சும்மா, இது வெறும் கருப்பட்டி என்று மன்றாடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"நாங்க வாறோம்மா. அப்பாக்கிட்ட நானே பேசுறேன்" என்றார் சேர் கடைசியில்.

அடுத்த வாரம் வேலை நாள் ஒன்றில் போனோம். சேர், நான், சமிந்த. இரத்தினபுரி போய், பலாங்கொடை பஸ் ஏறி, ஓப்பநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து ஒரு த்ரீவீலர். சமிந்த வழி நெடுக நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான். நான்தானே வரைந்தேன், என்னை அடிப்பாரா என்று இரண்டு தரம் கேட்டான்.

அடிக்கவெல்லாம் இல்லை. நாங்கள் வருவது தெரிந்து வேலைக்குப் போகாமல் இருந்த ஆறுமுகம் தேத்தண்ணி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், ரோட்டைப் பற்றிப் பேசினார். புத்தகத்தைப் பற்றிச் சேர் வாயைத் திறக்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் சீனி போடவாங்கய்யா?" என்று கேட்டார். மரியாதையான மனிதரிடம் இப்படி மாட்டிக்கொண்டால் தப்ப வழியில்லை. சேர் மூன்றாவது கோப்பையில் இருந்தபோது சமிந்தவுக்குப் பொறுக்கவில்லை. சிங்களத்தில் நேராகவே கேட்டுவிட்டான். மாமே, நான் கப்பாது பார்த்ததே இல்லை, எனக்குக் காட்டுவீர்களா?

ஆறுமுகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிங்களத்திலேயே, வா என்றார்.

பக்கத்து மலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் வளைந்த கத்தி. ஆளுக்கொரு நிரையாகப் பிடித்துக்கொண்டு, மலையின் குறுக்கே ஒரே வரிசையாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குனிவதும் வெட்டுவதும் ஒரு அடி வைப்பதும் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது. சமிந்த வாயைப் பிளந்தான்.

"மிஸ், பாருங்க! பெரேட்தானே இது! நான் வரைஞ்சது சரிதானே!"

ஆறுமுகம் திரும்பினார். எல்லோரும் பயந்துபோனோம். அவர் வரிசையைப் பார்த்தார், சமிந்தவைப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"வரிசை சரிதான் மாத்தயா. சப்பாத்துதான் சரியில்ல. சப்பாத்துக் காலோட செடிக்குள்ள ஏறுனா கங்காணி சாமின்னு பாப்பாரா? எறங்குய்யா கீழன்னுதான் சொல்லுவாரு."

அந்தச் சிரிப்பில் எல்லாம் இளகியது. சமிந்த பையிலிருந்து படம் வரைகிற கொப்பியை எடுத்தான். சாமி எப்படி இருப்பார் என்று கேட்டான்.

"அத யாரு பாத்தா? எங்களுக்குக் கல்லுதான்" என்றார் ஆறுமுகம். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெட்டி முடித்த செடியொன்றிடம் அவனைக் கூட்டிப்போனார். வெட்டிய மிலாறுகளை, அந்தக் குச்சிகளைத்தான் சொல்கிறேன், அள்ளி அதே செடியின் தலையில் பரப்பி மூடினார்.

"வெட்டிட்டு அப்புடியே விட்டுட்டுப் போகக் கூடாது. வெயிலு பட்டா கொப்பு வெந்துபோகும். வெட்டுன கையே மூடவும் வேணும். சாமியும் இப்புடித்தான் செய்வாருன்னு வச்சுக்குங்க."

சமிந்த அன்றைக்கு இருட்டும்வரை வரைந்தான். அட்டைக்கு அவன் புதிதாகப் போட்ட படம் இதுதான்: மலை அளவு பெரிய ஒருவர் முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிறார். முகம் தெரியாது. வெறுங்கால், இடுப்பில் சாக்கு. கத்தி கீழே கிடக்கிறது. இரண்டு கையாலும் ஒரே ஒரு சின்னச் செடிக்கு மிலாறு போட்டு மூடிக்கொண்டிருக்கிறார். தூரத்தில் அந்த வரிசை ஏறுகிறது, அதை மட்டும் அவன் விடவில்லை. படத்தைத் தவமணிக்கு அனுப்பினோம். அப்பா பார்த்தாரா என்று கேட்டதற்கு, "பாத்தாரு மிஸ். ம்னு சொன்னாரு" என்று பதில் வந்தது. அந்த ம் சம்மதமா இல்லையா என்று நானும் சேரும் ஒரு வாரம் தர்க்கம் பண்ணினோம். போடுங்கள் என்று தவமணியே துணிந்து சொன்னாள். ஆனாலும் புத்தகம் வெளிவந்த பிறகு அவளுடைய பிரதிகளைப் பிள்ளைக்காம்பரா அலுமாரியில்தான் வைத்திருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று அப்பாவிடம் கேட்க அவளுக்குப் பயம்.

அடுத்த மலைக்குக் கவ்வாத்து தொடங்கும்போது எங்களுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் ஆறுமுகம். இலேசான தூறல். கல்லுக்கு மஞ்சள் பூசி, வாழையிலை விரித்து, கத்திகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆறுமுகம் மகளிடம் கையை நீட்டினார்.

"அந்தப் புத்தகத்தக் குடு."

பிள்ளைக்காம்பராவிலிருந்து கொண்டுவந்திருந்த பிரதியை அவள் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, தன்னுடைய கத்திக்குப் பக்கத்தில் வைத்தார். கர்ப்பூரம் ஏற்றினார்கள். தேங்காய் உடைந்தபோது தண்ணீர் அட்டை மேலெல்லாம் தெறித்தது. சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், ஆளுக்கொரு பொட்டு. தாள் நனைந்து ஊறுவதைப் பார்த்து, எத்தனை பக்கம் பழுதாகும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிழை திருத்துகிறவளின் புத்தி, வேறென்ன. சமிந்த தன் படத்துக்குப் பொட்டு விழ விழப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சேர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், அல்லது அழுதுகொண்டிருந்தார்.

பூசை முடிந்து எல்லோரும் கத்தியை எடுத்தார்கள். நான் குனிந்து புத்தகத்தை எடுத்து முந்தானையால் துடைக்கப் பார்த்தேன்.

"எடுக்காதீங்கம்மா" என்றார் ஆறுமுகம். "அது சாமிக்குக் குடுத்தாச்சு. வீட்டுல வைக்க எனக்கு வேற ஒண்ணு குடுங்க."

தவமணி பக்கத்தில்தான் நின்றாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். என் பையில் இருந்தது என்னுடைய சொந்தப் பிரதி. அதைக் கொடுத்தேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, மழை படாமல் உள்ளே செருகி, திரும்பவும் பொத்தானைப் போட்டுக்கொண்டு வரிசையில் தன் நிரைக்கு ஏறிப் போனார்.